இடுப்பளவுத் தண்ணீர்

மரியநாதபுரம், திண்டுக்கல்
07.11.2024, வியாழன்

அன்பு மகன் ஆனந்த்ராஜுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவால் இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் சூர்யகலாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன் என்பதுதான் அடுத்த வரி, நான்கு வருடமாக நியூசிலாந்துக்கு எழுதிய எல்லாக் கடிதத்திலும் அதைத்தான் எழுதியிருக்கிறேன், ஆனால் இந்தச் சனிக்கிழமை கழியும்வரை அதை எழுத எனக்குக் கை வரவில்லை. போன் இருக்கும்போது இந்த அவசரத்துக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். செவ்வாய்க்கிழமை போனில்தான் பேசினேன். மீன் பிடிக்கப் போக வேண்டாம் என்று நான் சொன்னதும் நீ சிரித்தாய். "ஏம்ப்பா, கொளத்தோரமா பஸ்சு போனாலே கம்பியப் பிடிச்சுக்கிற ஆளு நீங்க, ஒங்ககிட்டப் போயிச் சொன்னேன் பாருங்க" என்றாய். எனக்குக் கோபம் வந்து போனை வைத்துவிட்டேன். கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது, எழுத்துதான் வரும், மில்லில் எனக்கு வந்த மெமோவுக்கெல்லாம் நான் எழுதிய பதிலை மேனேஜர் ரூமில் படித்துச் சிரிப்பார்கள். தபாலில் போட்டால் இது உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். மூலையில் பக்க எண் போட்டிருக்கிறேன், மாற்றிப் படித்துவிடாதே. சூர்யகலாவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படி. பாதியில் நிறுத்தாதே.

வீட்டுச் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா கோபித்துக்கொள்வாள். கல்லறைத் திருநாளுக்குத் தங்கச்சி லிடியாவும் மாப்பிள்ளையும் பழனியிலிருந்து வந்திருந்தார்கள், தாத்தா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துப் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றினோம், ஏற்றி முடிப்பதற்குள் மழை வந்து எல்லாவற்றையும் அணைத்துவிட்டது. மழை நன்றாகத்தான் பெய்கிறது, ஆனால் நம் தெருக் குழாயில் தண்ணீர் வந்து பதினோரு நாள் ஆகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் போடுகிறாள், டாக்டரிடம் வா என்றால் வரமாட்டேன் என்கிறாள், உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்க வேண்டியதே இல்லை. சின்னாளப்பட்டிச் சம்பந்தி வீட்டிலிருந்து தீபாவளிப் பலகாரம் ஒரு தூக்கு நிறைய வந்தது. தூக்கைச் சும்மா திருப்பித் தரக்கூடாது என்று அம்மா கிறிஸ்துமஸ் வரை அதை வைத்திருக்கப் போகிறாளாம். அவ்வளவுதான் செய்தி.

இனி உன் திட்டத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை நீ அனுப்பியதை எட்டுத் தடவை படித்துவிட்டேன். சனிக்கிழமை விடியலில் கிளம்புகிறீர்கள், இரண்டு மணி நேரக் கார்ப் பயணம், ஆற்றங்கரையில் கூடாரம், சனி பகலும் ஞாயிறு காலையும் ட்ரவுட் மீன் பிடிப்பது. போகிறவர்கள் ஐந்து பேர். நீ, சூர்யகலா, அங்கே படிக்க வந்திருக்கும் அவள் தம்பி யோகேஷ், உன்னோடு பால்பவுடர் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ரோஹித், அவன் மனைவி. ஐந்து பேருக்கும் மீன் பிடிக்க லைசென்ஸ் எடுத்தாயிற்று, தூண்டில் வாடகைக்குச் சொல்லியாயிற்று, புழுவுக்குப் பதிலாக இறகு கட்டிய பொய்ப்பூச்சி ஒரு டப்பா வாங்கியாயிற்று, யார் என்ன சமைப்பது என்றுகூட எழுதியிருக்கிறாய். உருளைக்கிழங்கு எத்தனை கிலோ என்று எழுதத் தெரிந்தவனுக்கு ஐந்து பேரில் யாருக்கு நீச்சல் தெரியும் என்று எழுதத் தோன்றவில்லை. நானே எழுதுகிறேன். ஒருவருக்கும் தெரியாது, செவ்வாய்க்கிழமை நான் கேட்டதற்கு நீயே சொன்னதுதான். உனக்குத் தெரியாததற்கு நான்தான் காரணம், அதைப் பின்னால் சொல்கிறேன். உன் சூப்பர்வைசர் கிரெய்க் கூட வருகிறார் என்று எழுதியிருந்ததால் திங்கட்கிழமை நான் கொஞ்சம் சும்மா இருந்தேன், அவர் நாற்பது வருடமாக அந்த ஆற்றில் இறங்குகிறவர். செவ்வாய்க்கிழமை போன் பண்ணினால் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, அவர் வரவில்லை, நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறாய். நீ அவரோடு எத்தனை தடவை போயிருக்கிறாய்? மூன்று தடவை. மூன்று தடவை மில்லுக்குள் சுற்றிப் பார்த்தவனிடம் யாராவது மெஷினைக் கழற்றக் கொடுப்பார்களா? புதிதாக வருகிற நாலு பேரைப் பழக்கப் போகிறேன் என்கிறாயே, நீ அவர்களோடு சேர்ந்து ஐந்தாவது புது ஆள், அதை முதலில் தெரிந்துகொள்.

இதைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. மூன்று நாளாக யூடியூபில் உங்கள் ஊர் ஆறுகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அம்மா சீரியல் பார்க்க முடியாமல் திட்டுகிறாள். அங்கே இப்போதுதான் குளிர் முடிந்து மலையில் பனி உருகிவருகிறது, தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், தெளிவாக இருப்பதால் ஆழம் குறைவு என்று கண் சொல்லும், இறங்கினால்தான் தெரியும். மேலே எங்காவது மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறிவிடும். மார்பு வரை போட்டுக்கொள்ளும் அந்த ரப்பர் கால்சட்டை இருக்கிறதே, பெல்ட்டை இறுக்காமல் விழுந்தால் அதற்குள் தண்ணீர் புகுந்துகொள்ளும், பிறகு எழுந்திருக்க முடியாது. சூர்யகலா அதைப் போட்டுக்கொண்டு ஒரு படம் அனுப்பியிருந்தாள், "மாமா, பாருங்க, மீன்காரி ஆயிட்டேன்" என்று. உன் மார்பு வரை வருகிற கால்சட்டை அவளுக்குக் கழுத்து வரை வந்து நிற்கிறது. அம்மா அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தப் படத்துக்குக் கீழேயே நீ எழுதியிருந்தாய், "பயப்படாதீங்கப்பா, நாங்க நிக்கிற எடத்துல இடுப்பளவு தண்ணிதான்."

யாருடைய இடுப்பு, ஆனந்து? நீ ஆறடி. அவள் ஐந்தடிக்கு ஒரு இஞ்சு குறைவு. உன் இடுப்பு வரை வருகிற தண்ணீர் அவளுக்கு எங்கே வரும் என்று ஒரு தடவையாவது அவளை உன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாயா? இந்த வார்த்தையை நீ வேறு எங்கிருந்தும் எடுத்திருக்க மாட்டாய், என்னிடமிருந்துதான் எடுத்திருப்பாய். முழங்கால் அளவு, இடுப்பளவு, கழுத்தளவு என்று உடம்பை வைத்துத் தண்ணீரை அளந்து பேசுவதுதான் நம் ஊர்ப் பேச்சு, எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், அளந்தவன் உடம்பு வேறு, இறங்குகிறவன் உடம்பு வேறு என்று யாரும் நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை. முப்பத்தோரு வருடம் ஃபிட்டராக இருந்தேன், ஒரு தண்டு ஆயிரத்தில் ஒரு பங்கு இஞ்சு கூடுதலாக இருந்தாலும் மைக்ரோமீட்டர் வைத்துக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிய ஆள் நான். அந்த ஆள்தான் ஒருத்தனை இடுப்பளவு என்று சொல்லித் தண்ணீரில் இறக்கினேன். இனிமேல் எழுதப்போவது உனக்குத் தெரியாது. நேற்றுவரை உன் அம்மாவுக்கும் தெரியாது.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருக்கிற ஒச்சாயி அத்தையை உனக்கு நினைவிருக்கும். கொடைக்கானல் போகும்போதெல்லாம் பஸ் அங்கே நிற்கும், அம்மா உங்கள் இரண்டு பேரையும் இறக்கிக் கூட்டிக்கொண்டு போவாள், அத்தை கொய்யாப்பழம் கொடுத்து அனுப்புவார், நான் மட்டும் பஸ்ஸை விட்டு இறங்காமல் சீட்டைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று உட்கார்ந்திருப்பேன். அவருடைய வீட்டுக்காரர் சடையாண்டி என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவன், குளத்தில் மூழ்கிச் செத்துப்போனான் என்பது உனக்குத் தெரியும். குடித்துவிட்டு இறங்கினான் என்று சொல்லக் கேட்டிருப்பாய். அவனைக் கூட்டிக்கொண்டு போனது நான். 1998 டிசம்பர், உனக்கு நாலு வயது. மெஷின் கம்பெனி ஆட்களே வந்து பழுது பார்க்க, மில்லில் எங்களுக்குச் சனி ஞாயிறு இரண்டு நாள் லீவு விட்டார்கள். எங்கள் அப்பா ஊர் ஆத்தூர்ப் பக்கம் என்பதால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே குளமும் தூண்டிலும் பழக்கம், மில்லில் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டே இருப்பேன். "அண்ணே, எங்களையும் ஒருக்காக் கூட்டிட்டுப் போங்கண்ணே" என்று சடையாண்டிதான் முதலில் கேட்டான். அவன் உசிலம்பட்டிப் பக்கத்து வானம் பார்த்த பூமிக்காரன், கிணற்றில்கூட இறங்கியது கிடையாது. நூல் சுற்றுகிற வைண்டிங் செக்ஷனிலிருந்து இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். நான் உன்னை மாதிரிதான், எல்லாம் திட்டம் போட்டேன், தூண்டில் நரம்பு, முள், தக்கை, மூங்கில் கழி, மண்புழு, சோறாக்க அரிசி, எதையும் விடவில்லை. யாருக்கு நீச்சல் தெரியும் என்று மட்டும் கேட்கவில்லை.

காலையில் நான் ஒரு தடவை குளத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தேன், தண்ணீர் என் இடுப்புக்குத்தான் வந்தது. பத்து மணிவாக்கில் மற்ற இரண்டு பேரும் அடுப்பு மூட்ட மரத்தடிக்குப் போய்விட்டார்கள். சடையாண்டியின் முள் தண்ணீருக்குள் இருந்த கருவேல மரத்தூரில் மாட்டிக்கொண்டது. "அண்ணே, எறங்கி எடுத்துட்டு வாரேன், எம்புட்டு ஆழம் இருக்கும்" என்று கேட்டான். என் தக்கை அசைந்துகொண்டிருந்தது, நான் திரும்பாமலே "இடுப்பளவுதான்டா, போ" என்றேன். அவன் என் நெஞ்சுக்குத்தான் வருவான். செத்த நேரம் கழித்து, "அண்ணே, நெஞ்சுக்கு வந்துருச்சுண்ணே" என்று சத்தம் கொடுத்தான். அவன் குரலில் பயம் இருந்தது, எனக்குத் தெரிந்தது, தெரியவில்லை என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டது பொய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ கட்டையன், ஒனக்கு அப்படித்தான் இருக்கும், போடா" என்று சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்தான். ஆழம் கூடுகிறது என்று அவன் உடம்பு அவனுக்குச் சொன்னது, அண்ணன் போ என்கிறார், அவன் உடம்பை நம்பாமல் என்னை நம்பினான். இன்னும் ஒரு எட்டில் செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழி இருந்தது, காலையில் நான் அவ்வளவு தூரம் போகவில்லை. சத்தமே வரவில்லை, ஆனந்து. படத்தில் காட்டுகிற மாதிரி கையை ஆட்டிக் கத்துவார்கள் என்று நினைத்திருந்தேன், ஒரு சத்தமும் இல்லை. என் மீனைக் கழற்றிவிட்டுத் திரும்பினால் அவன் தலையில் கட்டியிருந்த துண்டு மட்டும் மிதந்தது. நான் பாய்ந்து முக்குளித்துத் தேடி அவனை இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்கு நான் வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் திரும்பியிருப்பான். சொல்வதைக் கேட்கிற ஆள் அவன்.

கூட்டம் கூடியது. கரையில் யாரோ என்றைக்கோ போட்டுவிட்டுப் போன பிராந்தி பாட்டில் ஒன்று கிடந்தது. "தண்ணியப் போட்டுட்டு எறங்கிட்டானா" என்று யாரோ கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. ஆமாம் என்று நான் சொல்லவில்லை, அதை வைத்துத்தான் இத்தனை வருடம் என்னை நானே தேற்றிக்கொண்டேன், ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை. பேசாமல் நின்றேன், அவர்களே ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள், சாயந்தரத்துக்குள் மில் முழுக்க அதுதான் பேச்சு. சடையாண்டி அன்று காலையில் ஒரு டம்ளர் கடுங்காப்பிதான் குடித்திருந்தான், நான்தான் ஆற்றிக் கொடுத்தேன். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கு முன்னாலும் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது கோபப்பட்டேன், பொய் சொன்னேன் என்று சொல்லுவேன், என்ன பொய் என்று சாமியார் கேட்கமாட்டார், நானும் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு நான் எந்தத் தண்ணீரிலும் இறங்கவில்லை, உன்னையும் லிடியாவையும் இறங்கவிடவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் நீச்சல் கற்றுக்கொடுக்க எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனபோது உனக்குக் காய்ச்சல் என்று லெட்டர் எழுதிக் கொடுத்தேன். அப்பா பயந்தாங்கொள்ளி என்று நீ நினைத்துக்கொண்டாய், நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன், கொலைகாரன் என்று நினைப்பதற்கு அது எவ்வளவோ மேல் என்று இருந்தது. அந்தக் கோழைத்தனத்தால் இன்றைக்கு நீ நீச்சல் தெரியாமல் நாலு பேரை ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாய். நான் மூடி வைத்தது உன் தலையில் வந்து விடிந்திருக்கிறது.

நேற்றுக் காலை அம்மாவிடம் பேங்குக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வத்தலக்குண்டு பஸ் ஏறினேன். ஒச்சாயி கடையில் ஈரத் துணியால் கொய்யாப்பழத்தைத் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வாங்கண்ணே, பஸ்ஸ விட்டு எறங்க ஒங்களுக்கு இருவத்தாறு வருசமாச்சாக்கும்" என்றார். பின்னால் இருந்த பெட்டிமேல் உட்கார்ந்து, உனக்கு எழுதியதை எல்லாம் அவரிடம் சொன்னேன், இடுப்பளவு என்று சொன்னதையும், சிரித்ததையும், பேசாமல் நின்றதையும். கொடைக்கானல் பஸ் இரண்டு வந்து போயிற்று, அவர் வியாபாரம் பார்க்கவில்லை. அழுவார், ஏசுவார், துணியை மூஞ்சியில் எறிவார் என்று எதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் சொன்னார், "அவரு குடிக்கலைன்னு எனக்குத் தெரியும்ணே. பெரியாஸ்பத்திரி வாசல்ல வண்டிய விட்டு எறக்குனப்ப மொகத்தோட மொகம் வச்சு அழுதவ நான், கொளத்துத் தண்ணி வாடதான் வந்துச்சு. நீங்க வாயத் தொறந்து சொல்லுவீகன்னு ஒங்க மொகத்தத்தான் பாத்துக்கிட்டே நின்னேன். நீங்க குனிஞ்சுக்கிட்டீக." நான் அப்போதும் குனிந்துகொண்டுதான் இருந்தேன். "எனக்குச் சொல்லி இனி என்ன ஆகப்போகுது, எம் மயன் பரணிக்குச் சொல்லுங்க, குடிகாரன் மயன் குடிகாரன் மயன்னு கேட்டு வளந்தவன் அவன், பொண்ணு பாக்கப் போன எடத்துலயும் அதத்தான் கேட்டாக" என்றார். பரணி இப்போது கொடைக்கானலுக்கு வேன் ஓட்டுகிறான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் வீட்டில் இருப்பானாம். அன்றைக்கு வந்து சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எழுந்திருக்கும்போது கேட்டார், இத்தனை வருடம் இல்லாமல் இன்றைக்கு என்ன வந்தது என்று. உன் திட்டத்தைச் சொன்னேன். கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப எங்கிட்ட எதுக்கு வந்து உக்காந்திருக்கீக? மொதல்ல ஒங்க மயனுக்குச் சொல்லுங்க. எம் மயன் ஞாயித்துக்கெழம வரைக்கும் இங்கனதான் இருப்பான். ஒங்க மயன்தான் தண்ணிக்குப் போறான்" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுப் போய் உலை வைத்தாள், வெஞ்சனம் எதுவும் செய்யாமல் சோற்றையும் மோரையும் கொண்டுவந்து வைத்தாள். பிறகு, "அவளுக்குச் சொன்னீகள்ல, புள்ளைக்கும் நீங்களே எழுதுங்க, என்னைய விட்டுச் சொல்லச் சொல்லாதீக" என்றாள். அதிலிருந்து என்னிடம் பேசவில்லை. இந்தக் கடிதத்தை மட்டும் ஒவ்வொரு பக்கமாக எடுத்துப் படித்துவிட்டு மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறாள்.

போகாதே என்று இனி நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் எனக்குத் தெரியாமல் போவாய், நீ என் மகன்தானே. ஆனால் நான் சொல்லுகிறபடி போ. இன்றைக்கே கிரெய்க்குக்குப் போன் பண்ணு, முதுகு வலி என்றால் தூண்டில் வீச வேண்டாம், காரில் முன்சீட்டில் சாய்ந்து வரட்டும், கரையில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவை, எனக்கு வேண்டியது அவர் முதுகு இல்லை, அவர் கண். அவரால் அதுவும் முடியாது என்றால் பயணத்தைத் தள்ளிப்போடு, சமைக்க வாங்கிய உருளைக்கிழங்கை வீட்டிலேயே வைத்துத் தின்னுங்கள், மீன் எங்கேயும் ஓடிப்போகாது. அவர் வந்தாலும் புது ஆட்கள் யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது, கரையில் நின்று வீசினாலே போதும், கிடைப்பது கிடைக்கட்டும். நாளைக்கு வேலை முடிந்ததும் நாலு பேரையும் பக்கத்துப் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் புல்தரையில் முள் இல்லாமல் வீசிப் பழக்கு, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டு வீசுகிற பழக்கம் தரையிலேயே வந்துவிட வேண்டும். எல்லோருக்கும் தொப்பியும் கண்ணாடியும் இருக்கட்டும், முள் காற்றில் எங்கே வரும் என்று சொல்ல முடியாது. கழற்றப் போகிறேன் என்று யாரும் மாட்டிக்கொண்ட முள்ளுக்குப் பின்னால் போக வேண்டாம், நரம்பை அறுத்துவிடு, ஆற்றோடு போகட்டும். யோகேஷுக்குப் பாறைமேல் ஏறி நின்று படம் எடுக்கிற பித்து இருக்கிறது, கல்யாணத்திலேயே பார்த்தேன், அவனை உன் பக்கத்தைவிட்டு நகரவிடாதே. தண்ணீர் நிறம் மாறினாலோ சத்தம் மாறினாலோ எல்லாவற்றையும் போட்டுவிட்டு மேலே ஏறிவிடுங்கள். நல்ல கம்பு ஒன்று வெட்டி, சூர்யகலாவின் முழங்காலுக்கு நேராக அதில் சிவப்பு டேப் சுற்று. முகம் கழுவக் குனிவதாக இருந்தாலும் கம்பை விட்டுப் பார், டேப் நனைந்தால் அந்த இடத்தில் யாருக்கும் வேலை இல்லை, ஆறடி ஆளான உனக்கும் இல்லை. இடுப்பளவு என்ற வார்த்தையை அங்கே யார் வாயிலிருந்தும் நான் கேட்கக்கூடாது.

இன்னும் ஒன்று. அந்த நாலு பேரில் யாராவது பயமாக இருக்கிறது என்று சொன்னால், சிரித்துக்கொண்டே சொன்னாலும், கேலியாகச் சொன்னாலும், நீ சிரிக்காதே. தூண்டிலை விட்டுவிட்டுத் திரும்பி அவர்கள் முகத்தைப் பார். உன் மீன் போனால் போகட்டும். வா என்று சொல்.

இதைப் படித்துவிட்டு உனக்கு என் மேல் என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு நாலாவது தடவைதான் முழுதாக எழுதியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் சடையாண்டி சத்தம் கொடுத்த இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. உன் கண்ணில் நான் எப்படி இருந்தேனோ இனி அப்படி இருக்கமாட்டேன், அது போனால் போகட்டும், அதைக் காப்பாற்றுவதற்காக உன்னைப் பறிகொடுக்க என்னால் முடியாது. திட்ட வேண்டும் என்றால் திட்டு, அம்மாவைப் போலப் பேசாமல் இருந்தாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் பரணியைப் பார்க்கப் போகிறேன். அவன் என்ன செய்தாலும் வாங்கிக்கொண்டு வருவேன், அதைப் பற்றி நீ யோசிக்காதே.

சூசையப்பர் உங்கள் ஐந்து பேருக்கும் துணையாக இருக்கட்டும். சூர்யகலாவுக்கும் அவள் தம்பிக்கும் என் ஆசீர்வாதம், ரோஹித்துக்கும் அவன் மனைவிக்கும் நான் கேட்டதாகச் சொல். அம்மா எலுமிச்சை ஊறுகாய் பார்சல் அனுப்பியிருக்கிறாள், வந்துசேர்ந்ததும் பாட்டிலுக்கு மாற்றி வை.

மறக்காதே, சனிக்கிழமை உங்கள் சாயந்தரம் ஆறு மணி என்பது எங்களுக்குக் காலை பத்தரை. அப்போது ஒரே ஒரு படம் அனுப்பு. மீன் படம் வேண்டாம், ஆற்றின் படமும் வேண்டாம். ஐந்து பேரும் காய்ந்த உடையோடு தரையில் நிற்கிற படம். என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் கீழே ஒன்றும் எழுத வேண்டாம், நான் தலைகளை எண்ணிக்கொள்கிறேன்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா
ராயப்பராஜ்